ஜிடிஏ 6: ஊரை நம்புகிறேன், மிஷன்களை நினைத்தால்தான் கவலை

கடைசிமிஷன்

ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேமின் இரண்டு டிரெய்லர்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. 2023 டிசம்பரில் வந்த முதலாவதில் கடற்கரை நிறைய ஆட்கள், ஒருவர் நடை இன்னொருவருக்கு இல்லை. ஒரு முதலை சாவகாசமாகக் கடைக்குள் நுழைகிறது. 2025 மே மாதம் வந்த இரண்டாவதில் கதாநாயகன் ஜேசனின் கைமுடியும் வியர்வையும்கூடத் தெரிகின்றன. சாதாரண பிஎஸ்5 கன்சோலில் பதிவு செய்தது, பாதி விளையாட்டுக் காட்சி, பாதி கதைக் காட்சி என்று ராக்ஸ்டாரே சொல்லிவிட்டது. ஆகவே ஊர் எப்படி வரும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

என் கவலை எல்லாம் மிஷன்களைப் பற்றி, அதாவது கதையை நகர்த்த நாம் முடிக்க வேண்டிய பணிகளைப் பற்றி.

ராக்ஸ்டாரின் இன்னொரு கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ இரண்டு முறை முழுதாக முடித்தவன் நான். தாடி நாளுக்கு நாள் வளர்வது, சேறு சட்டையில் ஒட்டிக் காய்வது, குதிரை பாம்பைப் பார்த்து மிரள்வது என எல்லாவற்றையும் ரசித்தேன். ஆனால் ஒரு மிஷன் தொடங்கியதும் அத்தனை பெரிய உலகமும் சுருங்கி ஒரு குறுகிய சந்துபோல ஆகிவிடும். ஒருமுறை எதிரிகள் ஒரு வீட்டைச் சுற்றிக் காவல் நின்றார்கள். நேராகப் போய்ச் சுடுவதற்குப் பதில் பின்பக்கம் சரிவில் ஏறி இறங்கலாம் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். கூட்டாளியை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று சொல்லி மிஷன் தோல்வி. அதே சரிவில் மிஷன் இல்லாத நேரத்தில் நாள் முழுக்க வேட்டையாடலாம்!

2002-இல் வந்த பழைய ஜிடிஏ, வைஸ் சிட்டியை நினைத்துப் பாருங்கள். ராணுவ டாங்கியைத் திருட வேண்டிய மிஷன் ஒன்று இருக்கிறது. எப்படித் திருட வேண்டும் என்று அது சொல்லித் தராது. தள்ளி நின்று சிப்பாய்களை ஒவ்வொருவராகச் சுடலாம். பொறுமை இருந்தால் அவர்கள் டோனட் கடையில் நிற்கும் வரை பின்தொடர்ந்து போகலாம். அன்றைக்கு இருந்த மெஷினில், அந்தச் சின்ன ஊரில், இவ்வளவு இடம் கொடுத்தார்கள்.

இரண்டு டிரெய்லர்களிலும் ஊர் தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள். ஒரு மிஷனைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாம் எப்படி விளையாடப் போகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. உங்களுக்கு எதில் நம்பிக்கை, எதில் பயம்?


நியான்நகரம்

அண்ணா, நான் ரொம்ப நம்பிக்கையோடு இருக்கும் ஆள். இரண்டாவது டிரெய்லர் வந்த அன்றே இணையதளத்தில் 70 படங்கள் போட்டார்களே, அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்ட் கெல்ஹார்னின் வெளிறிப்போன கட்டடங்கள், கிராஸ்ரிவர்ஸ் சதுப்புநிலம், வடக்கே மவுண்ட் கலாகா. ஜிடிஏ 5-இன் லாஸ் சான்டோஸில் நகரத்தைத் தாண்டினால் பாதி இடம் வெறும் மலைதான். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகம் இருக்கிறது.

அப்புறம் மிஷன் விஷயம். ஜிடிஏ 5-இல் நகைக்கடைக் கொள்ளை உங்களுக்கு நினைவிருக்கும். காற்றுக் குழாய் வழியாக மயக்க வாயு விடலாம், இல்லை நேராகத் துப்பாக்கியோடு நுழையலாம். குறைந்த கூலிக்கு ஹேக்கரைப் பிடித்தால் நகை அள்ள நேரம் குறையும். நான் அப்படித்தான் மாட்டினேன். பாதிக் கண்ணாடிப் பெட்டியை உடைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ராக்ஸ்டாருக்கு இது தெரியாத வித்தை இல்லை. ஜேசனும் லூசியாவும் சேர்ந்து கொள்ளையடிக்கும் கதை என்பதால் இந்த வகை இன்னும் கூடும் என்று நினைக்கிறேன்.


கடைசிமிஷன்

நல்ல உதாரணம் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 5-இல் ஏறக்குறைய 70 மிஷன்கள். அப்படித் தேர்வு கொடுத்த பெரிய கொள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதியில் மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினோம், பேச்சைக் கேட்டோம், சொன்ன இடத்தில் சுட்டோம். நீங்கள் சொன்ன அந்த ஐந்தாறு, விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.


பதினாறுமில்லி

இரண்டு பேரும் ஊரின் அழகைப் பேசுகிறீர்கள். நான் அந்த ஊர் ஓடப்போகும் மெஷினைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

30 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்தையும் தயாரிக்க 33 மில்லிநொடி கிடைக்கும். 60 என்றால் 16.7 மட்டும். அந்த நேரத்துக்குள் படம் வரைவது ஒரு வேலை. கடற்கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது, வண்டிகள் ஒன்றையொன்று பார்த்து ஒதுங்குவது, மோதினால் எப்படி நசுங்குவது, எல்லாம் இன்னொரு வேலை. முதல் வேலையை ரெசல்யூஷனைக் குறைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது, கணக்கு வேலை பார்க்கும் சிபியு சிப்பின் தலையில் விழும். திரையில் புள்ளிகளைக் குறைத்தாலும் கடற்கரையில் ஆட்கள் குறைவதில்லை.

பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இருப்பது ஜென் 2 வகையைச் சேர்ந்த எட்டு கோர் சிபியு. பிஎஸ்5 ப்ரோவில் படம் வரையும் ஜிபியு பெரிதாக வளர்ந்தது, சிபியு கிட்டத்தட்ட அதேதான், வேகம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதனால் ப்ரோ வாங்கினால் 60 நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். ராக்ஸ்டாரின் பழக்கத்தையும் பாருங்கள். ஜிடிஏ 4, 5, இரண்டு ரெட் டெட், எல்லாமே கன்சோலில் 30-க்குத்தான் முதலில் வந்தன. 5-க்கு 60 கிடைத்தது 2022-இல், பிஎஸ்5 பதிப்பில்.

எனக்கு 30 போதும், அது சீராக இருந்தால். நடுவில் 24, 25 என்று தொங்கும் 30-தான் கண்ணை உறுத்தும்.


நியான்நகரம்

அப்படியானால் சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்கள் கதி? என்னிடம் அதுதான் இருக்கிறது.


பதினாறுமில்லி

கேம் நிச்சயம் வரும், அறிவித்துவிட்டார்கள். சிபியு பெரிய பிரச்சினை இல்லை, வேகம் சற்றே குறைவு, அவ்வளவுதான். மெமரிதான் இடிக்கும். சீரிஸ் எக்ஸ்-இல் 16 ஜிபி, எஸ்-இல் 10 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமுக்கு என்ன ஆனது என்று தெரியும்தானே? திரையைப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை சீரிஸ் எஸ்-இல் ஓட்ட முடியாமல், எக்ஸ்பாக்ஸ் பதிப்பே 2023 டிசம்பர் வரை தள்ளிப்போனது. கடைசியில் எஸ்-இல் அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2013-இல் ஜிடிஏ 5 ஓடிய பிஎஸ்3-இல் மொத்த மெமரி 512 எம்பி. அதுவும் 256, 256 என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இன்றைக்கு நாம் திறந்து வைத்திருக்கும் ஒரு பிரவுசர் பக்கம் அதைவிட அதிகம் தின்னும். அதில் ஒரு முழு மாவட்டத்தையும் மலையையும் கடலடியையும் ஓடவைத்தார்கள். ஆகவே இருக்கிற மெஷினைப் பிழிந்தெடுக்க அவர்களுக்குத் தெரியும். உங்கள் சீரிஸ் எஸ்-இல் தெரு ஓரத்துக் கூட்டம் மெலிந்திருக்கலாம், தூரத்து மரம் தாமதமாகத் தெளியலாம். விளையாட முடியாமல் போகாது என்று நம்புகிறேன்.


லிபர்ட்டிவாசி

ஜிடிஏ 4 ரசிகன் ஒருவனாவது இங்கே பேச வேண்டும்.

4-இல் ஒரு வண்டி மெதுவாக நகரும்போது அதன் கதவுப் பிடியைப் பற்றியபடி ஓர் ஆள் கூடவே ஓடி, கால் தடுக்கி விழுவான். அதற்கென்று யாரும் அனிமேஷன் செய்து வைக்கவில்லை. யூஃபோரியா என்ற தொழில்நுட்பம் அந்த உடலை அந்த நொடியிலேயே சமநிலைக்குத் தவிக்க வைத்தது. படிக்கட்டில் ஒருவனைத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி உருண்டான். வண்டியைத் திருப்பினால் எடை ஒரு பக்கம் சாயும்.

5 வந்தபோது வண்டிகள் ரோட்டில் ஒட்டிக்கொண்டன, ஆட்கள் அடிபட்டதும் சட்டென்று சரிந்தார்கள். விளையாட எளிதாகிவிட்டது, உண்மைதான். எனக்கு அது ஓர் இழப்பு. ரெட் டெட் 2-இல் உடல்களின் கனம் திரும்பி வந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

டிரெய்லரில் எல்லாரும் முடியையும் வியர்வையையும் பார்க்கிறார்கள். நான் வண்டிகள் வளைவில் எப்படிச் சாய்கின்றன என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 4-க்கும் 5-க்கும் நடுவே எங்கோ இருப்பதுபோலத் தெரிகிறது. அது போதும் எனக்கு.


குதிரைக்காரன்

நீங்கள் எல்லாரும் கேம் வெளிவரும் நாளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் பயம் அதற்கு ஒரு வருடம் கழித்து.

ரெட் டெட் 2-ஐ மற்றவர்களோடு இணையத்தில் விளையாடும் ரெட் டெட் ஆன்லைனில் எனக்கு ஒரு சின்னக் கூட்டம் இருந்தது, நான்கு பேர். இரவு பதினொன்றுக்குச் சந்திப்போம், பாதி நேரம் எதையும் சுட மாட்டோம். ஆற்றங்கரையில் முகாம் போட்டு, மீன் பிடித்து, அன்றைய நாளைப் பற்றிப் பேசுவோம். அந்த உலகம் அப்படிப் பேசத் தோன்ற வைத்தது. மாதங்கள் போயின, புதிதாக ஒன்றும் வரவில்லை. 2022 ஜூலையில் இனி பெரிய அப்டேட் கிடையாது, ஆட்களை அடுத்த ஜிடிஏ-வுக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த மாதம் 13-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களுக்குக் கறுப்பு உடை போட்டு, கேமுக்குள்ளேயே கல்லறைகளில் கூடி இறுதி அஞ்சலி நடத்தினார்கள். நாங்கள் நால்வரும் போயிருந்தோம். குதிரையைவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி நின்றோம். யாரும் மைக்கில் பேசவில்லை.

அந்த உலகத்தை நிறுத்தித்தான் ஜிடிஏ 6-ஐக் கட்டினார்கள். ஆகவே எனக்கு அதன்மேல் கோபம் இல்லை, ஓர் உரிமை இருக்கிறது. நன்றாக வர வேண்டும் என்று மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று. ஜிடிஏ 4-க்கு 2009-இல் இரண்டு தனிக்கதைகள் வந்தன. அதே ஊர், வேறு ஆட்கள், முதல் கதையில் நாம் பார்த்த ஒரு சம்பவமே மறுபக்கத்திலிருந்து தெரியும். எவ்வளவு அழகான யோசனை! 5-க்கும் அப்படி வரும் என்றார்கள். வரவே இல்லை. ஜிடிஏ ஆன்லைன் அவ்வளவு பணம் கொட்டியது, 5 விற்றதோ 20 கோடிப் பிரதிகளுக்கு மேல். கதை மோடுக்குத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. 5-இன் நாயகர்கள் மைக்கேலும் ட்ரெவரும் ஃபிராங்க்ளினும் கதை மோடில் 2013-இல் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள், ஆன்லைன் பக்கம் மட்டும் அவ்வப்போது தலைகாட்டினார்கள், 2021-இல் ஃபிராங்க்ளின் வந்ததைப் போல.

லூசியா, ஜேசன் கதை முடிந்ததும் அவர்களும் அப்படியே நிற்கப் போகிறார்களா?


கடைசிமிஷன்

குதிரைக்காரரே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை. நான் மிஷன் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொல்வது அதைவிடப் பெரியது. 4-இன் அந்த இரண்டு தனிக்கதைகளும் என் மனதிலும் இருக்கின்றன. வைரக் கைமாற்றம் நடக்கும் அந்த இடத்தில் மூன்று கதைகளின் ஆட்களும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். மூன்றையும் விளையாடி முடித்த பிறகுதான் யார் எங்கே நின்றார்கள் என்பது புரியும்.


மௌஸ்கைக்காரி

பிசியில் விளையாடுகிறவர்கள் சார்பில் நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

ஜிடிஏ 6-க்கு அறிவித்த பட்டியலில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மட்டும்தான். பழைய கணக்கைப் பார்த்தால் ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் 2 ஒரு வருடம் கழித்து 2019 நவம்பரில். அதுவும் வந்த அன்று பலருக்குக் கேமைத் தொடங்கும் லாஞ்சரே திறக்கவில்லை. 2008 டிசம்பரில் வந்த 4-இன் பிசி பதிப்பு அன்றைய நல்ல மெஷின்களிலும் திணறியது. காத்திருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த ஒரு வருடம் முழுக்கக் கதை முடிவு கண்ணில் படாமல் தப்புவதுதான் கஷ்டம். ரெட் டெட் 2-இன் முடிவை ஒரு வீடியோவின் முகப்புப் படத்திலேயே பார்த்துத் தொலைத்தேன். நாயகன் ஆர்தருக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே 60 மணி நேரம் விளையாடினேன். அவர் முதல் முறை இருமும்போது நான் உணர வேண்டியதை வேறு யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

இதையும் சொல்ல வேண்டும், ராக்ஸ்டார்மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை எனக்கு ஏன் இல்லை என்பதற்கு. ஜிடிஏ ஆன்லைன் பிசியில் திறக்க ஆறு நிமிடம் ஆகும் காலம் ஒன்று இருந்தது. எங்கள் மெஷின்தான் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2021-இல் வெளியாள் ஒருவர், சோர்ஸ் கோடு கையில் இல்லாமலே, காரணத்தைக் கண்டுபிடித்தார். கேம் ஒவ்வொரு முறையும் 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலைப் படிக்கிறது, அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒரு பொருளைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் பட்டியலின் மிச்ச நீளம் முழுவதையும் மறுபடி அளக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றையும் ஏற்கெனவே படித்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அவர் அதைச் சரிசெய்ததும் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. ராக்ஸ்டார் அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்து, அடுத்த மாதமே அப்டேட்டில் சேர்த்துக்கொண்டது.

அவரைப் பாராட்டியது நல்ல குணம்தான். ஆனால் அத்தனை வருடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாங்கள். உள்ளே இருந்த யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் அதே திரையின் முன் உட்கார்ந்திருந்தால் போதும். 6-இன் ஆன்லைனில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.


பதினாறுமில்லி

தோழி, அந்தப் பட்டியல் கதையைப் புரோகிராமிங் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. பட்டியலில் நூறு பொருள் இருந்தபோது அந்தக் கோடு நன்றாகத்தான் ஓடியிருக்கும். கேம் வளர வளர, யாரும் தொடாத ஒரு மூலை அதோடு சேர்ந்து கனத்துக்கொண்டே போனது. பத்து வருடம் ஓடப்போகும் எந்த ஆன்லைன் கேமுக்கும் வரக்கூடிய நோய் இது.


மட்டுறுத்துநர்

ஒரு வேண்டுகோள். 2022 செப்டம்பரில் கசிந்த காட்சிகளின் சுட்டிகளை இரண்டு பேர் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். அவை பாதி வேலை நடந்துகொண்டிருந்த கேமின் காட்சிகள். அவற்றை வைத்து இன்றைய கேமை எடைபோடுவதும் சரியாக வராது. கதை பற்றிய கசிவுகள் எந்த வடிவத்திலும் இங்கே வேண்டாம். மௌஸ்கைக்காரி சொன்னது இன்னொருவருக்கு இந்த இழையில் நடக்கக் கூடாது.


வெறும்வாசகன்

வருடக்கணக்காகப் படிக்கிறேன், எழுதுவது அபூர்வம்.

யாரும் தொடாத ஒரு சந்தேகம் எனக்கு உண்டு: எழுத்து. ராக்ஸ்டாரின் முதன்மை எழுத்தாளர் டான் ஹவுசர் 2020-இல் விலகிவிட்டார். வைஸ் சிட்டி தொடங்கி ரெட் டெட் 2 வரை கதையில் அவர் கை இருந்தது. ஆர்தர் மார்கனைப் போன்ற ஒரு மனிதனை எழுத ஒரு மனம் வேண்டும். மெஷின் பலம் அதற்கு உதவாது. ஜிடிஏ கேம்களின் தயாரிப்பாளர் லெஸ்லி பென்சீஸும் 2016-இலேயே போய்விட்டார். பெயர் அதே பெயர்தான். உள்ளே இருப்பவர்கள் அதே ஆட்களா?


லிபர்ட்டிவாசி

இதே கேள்வி எனக்கும் இருந்தது, ஆனால் 2025 ஜூனில் கொஞ்சம் மாறிவிட்டேன். பென்சீஸின் புதிய நிறுவனம் மைண்ட்ஸ்ஐ என்ற கேமை வெளியிட்டதே, பார்த்தீர்களா? எக்கச்சக்கக் கோளாறுகளோடு வந்தது, உயிரில்லாத ஊர், விமர்சனங்கள் கிழித்துவிட்டன. ஜிடிஏ-வை உருவாக்கிய முக்கியமான ஆட்களில் ஒருவர் அவர். அவர் போன இடத்துக்கு ஜிடிஏ கூடவே போகவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் வருடக்கணக்கில் சேர்ந்து செய்யும் வேலை இது. தெருவில் நடக்கிறவன் என்ன முணுமுணுக்க வேண்டும் என்று யோசித்தவர், குடையை எப்போது விரிக்க வேண்டும் என்று யோசித்தவர், இவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியாது.

டான் ஹவுசர் விஷயம் வேறு, அதில் உங்கள் கவலை நியாயமானது. அவர் இடத்தை நிரப்புவது சுலபமில்லை. ஆனால் ஜேசன், லூசியாவைப் பற்றி வெளியிட்ட சில வரிகளைப் படித்தபோது எனக்குப் பயம் குறைந்தது. நடக்கத் தொடங்கியதிலிருந்தே அப்பா சண்டை கற்றுக்கொடுத்த பெண். சிறையிலிருந்து வெளியே வந்தவள். அவளுக்கு அம்மா கனவு கண்ட நல்ல வாழ்க்கை வேண்டும். இந்த ஒரு ஆசையை வைத்தே ஒரு நல்ல கதை எழுதலாம்.


வெறும்வாசகன்

சரி, அதையும் யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் குடை விஷயம் உண்மை. 5-இல் மழை வந்ததும் குடையை விரித்துக்கொண்டு ஓடுகிறவர்களை நான் நின்று பார்த்திருக்கிறேன்.


நியான்நகரம்

தள்ளிப்போனதைப் பற்றி யாரும் பேசவில்லையே? முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு 2026 நவம்பர் 19. மே மாதத் தேதிக்கு நான் லீவு போட்டு வைத்திருந்தேன். அறிவிப்பு வந்த அன்று நிஜமாகவே சோர்ந்துவிட்டேன்.


குதிரைக்காரன்

தம்பி, அதற்காகக் கலங்காதீர்கள். ஜிடிஏ 5-உம் 2013-இன் நடுப்பகுதிக்குள் வர வேண்டியது, செப்டம்பருக்குப் போனது. ரெட் டெட் 2 இரண்டு முறை தள்ளிப்போய் 2018 அக்டோபரில் வந்தது. இரண்டும் வந்தபோது எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

தள்ளிப்போடாமல் தேதியைக் காப்பாற்றுவதற்கு என்ன விலை என்பதையும் நினைக்க வேண்டும். ரெட் டெட் 2 வெளிவரும் முன் வாரம் 100 மணி நேரம் உழைத்தோம் என்று டான் ஹவுசர் பேட்டியில் சொல்லிவிட்டு, அது எழுத்துக் குழுவில் சிலர் மட்டும், சில வாரங்கள் மட்டும் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். அதை ஒட்டி மற்ற ஊழியர்களும் தங்கள் அனுபவத்தைப் பேச ஆரம்பித்தார்கள். நான் ரசித்த அந்தச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் தன் குழந்தை தூங்கிய பிறகே வீடு திரும்பியிருப்பார். ஆறு மாதம் கூடுதலாக ஆகட்டும். அந்த ஆறு மாதத்தில் அவர்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் நான் இன்னும் ஆறு மாதம்கூடக் காத்திருப்பேன்.


மௌஸ்கைக்காரி

தள்ளிப்போட்டாலே நன்றாக வரும் என்றும் சொல்லிவிட முடியாது, குதிரைக்காரரே. சைபர்பங்க் 2077 என்ற கேம் 2020-இல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போனது. 2020 டிசம்பர் 10-இல் வந்தது. ஒரு வாரம் கழித்து சோனி தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது, அடுத்த ஜூன் வரை திரும்ப வரவில்லை. முன்கூட்டியே பணம் கட்டியவள் நான். பழைய கன்சோல் ஒன்றில்தான் ஓட்டினேன், கதாநாயகன் முகம் தெளிவதற்குள் வசனம் முடிந்துவிடும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், பிரித்த பெட்டியாம்.

அப்போது ஓர் அறிகுறி இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். கன்சோல் பதிப்பை யார் கண்ணிலும் காட்டவில்லை. எனவே நவம்பர் நெருங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: சாதாரண பிஎஸ்5-இலும் சீரிஸ் எஸ்-இலும் ஓடும் காட்சிகள், விமர்சகர்களே எடுத்தவை, முன்கூட்டி வருகின்றனவா? வந்தால் தைரியமாக வாங்குங்கள். வராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகாது.


பதினாறுமில்லி

இதை வழிமொழிகிறேன். நியான்நகரம் தம்பி, சீரிஸ் எஸ் வைத்திருக்கும் உங்களுக்குத்தான் முக்கியமாக.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். சைபர்பங்க் 2013-இல் வந்த கன்சோல்களிலும் ஓட வேண்டியிருந்தது. பழைய கன்சோலின் ஹார்டு டிஸ்க் நகரத்தைப் படித்துத் தரும் வேகத்துக்கு வண்டி ஓட்டும் வேகம் பொருந்தவில்லை. ஜிடிஏ 6-க்கு அந்தச் சுமை இல்லை. எல்லா மெஷினிலும் ஹார்டு டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது. அந்த வகையில் எனக்குப் பயம் குறைவு.


கடைசிமிஷன்

நேற்று இரவு பழைய வைஸ் சிட்டியை எடுத்து மறுபடி நிறுவினேன். நான் முதல் பதிவில் எழுதியது நினைவின் மயக்கமா, நிஜமா என்று சோதிக்கத்தான்.

நிஜம்தான், ஆனால் முழு நிஜம் இல்லை. டாங்கி மிஷனில் அத்தனை வழி இருக்கிறது. அதே கேமில் ரிமோட்டில் இயங்கும் பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு தூக்கி வைக்கிற மிஷனும் இருக்கிறது. அதில் ஒரே வழி, ஒரே நேரக் கணக்கு, மூன்று முறை தோற்றேன். அந்தக் காலத்தில் எல்லாமே சுதந்திரமாக இருந்தது என்பதுபோல நான் எழுதியது மிகை. நல்ல மிஷன்களை மட்டும் மனம் எடுத்து வைத்துக்கொண்டது.

ஆனாலும் கேள்வியை விடமாட்டேன். அந்த ஒரு டாங்கி மிஷன் இருபது வருடம் தாண்டியும் என் நினைவில் நிற்கிறதே, ஏன்? நானே யோசித்து முடித்தேன், அதனால்தான். 5-இல் நான் முடித்த பல மிஷன்களின் பெயர்கூட எனக்கு நினைவில்லை, காட்சி மட்டும் நினைவிருக்கிறது.

கேட்கத் தோன்றியது: நீங்கள் எல்லாரும் அந்த டாங்கியை எப்படித் திருடினீர்கள்?


லிபர்ட்டிவாசி

கூரைமேல் ஏறி, தொலைநோக்கித் துப்பாக்கியால். ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்து, மெதுவாக.


குதிரைக்காரன்

டோனட் கடை. கூடவே நடந்துபோனேன். அவர்கள் நகர்ந்ததும் ஏறிவிட்டேன். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அன்று என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து “இப்ப போடா, இப்ப போ” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.


மௌஸ்கைக்காரி

நான் எதையும் யோசிக்கவில்லை. கையெறி குண்டு. எட்டு முறை செத்தேன், ஒன்பதாவதில் முடிந்தது.


பதினாறுமில்லி

தெருவில் நான்கு நட்சத்திரத்தோடு (போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் துரத்துகிறது என்ற அளவு) ஓடிவந்து, எனக்குப் பின்னால் போலீஸ், முன்னால் ராணுவம். இரண்டுக்கும் நடுவே எப்படியோ டாங்கிக்குள் புகுந்துவிட்டேன்.


நியான்நகரம்

நான் அந்தக் கேமை விளையாடியதே இல்லை. வைஸ் சிட்டி வந்தபோது எனக்கு இரண்டு வயது. உங்கள் எல்லார் பதிவையும் படித்துவிட்டு இன்று மாலை வாங்கி, அந்த மிஷன் வரை ஒரே மூச்சில் விளையாடினேன். குதிரைக்காரர் அண்ணா சொன்னபடி டோனட் கடைக்காகக் காத்திருந்தேன். சிப்பாய்கள் இறங்கினார்கள். ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டான். சுட ஆரம்பித்தார்கள், உயிர் கொஞ்சம்தான் மிச்சம், எப்படியோ ஏறிவிட்டேன். ஏறியதும் டாங்கி தானாக வெடிக்கப் போகிறது என்று கடிகாரம் ஓடத் தொடங்கியது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே! தெருவில் இருந்த எல்லா வண்டியையும் நசுக்கிக்கொண்டு போனேன். கராஜ் கதவு இறங்கும்போது ஒன்பது நொடி இருந்தது.